வருகைச் சான்று

போன மாதம், புதிதாகப் பணியில் சேர்ந்த அரசு உதவி வழக்கறிஞர்கள் நீங்கள் சிலர் திருநகரில் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். ஓய்வு பெற்றவனிடம் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள் என்று யாரோ உங்களை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். காபி ஆறுவதற்குள் உங்களில் ஒருவர் கேட்டார்: "சார், புதுசா பதவிக்கு வர்றவங்க பழைய ஆளுங்க மேல கேஸ் போடுறது சரியா, தப்பா?" நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். மாத்திரை போடுகிற நேரம் என்று எழுந்து உள்ளே போனேன். நீங்களும் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள்.

அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன். முகத்தைப் பார்த்துப் பேசும் தைரியம் எனக்கு எப்போதுமே குறைவு. படித்து முடிக்கும்போது அது உங்களுக்கே தெரிந்துவிடும். வழக்கு நடத்தும் முறையைப் பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை. அதை உங்கள் நீதிமன்றக் குமாஸ்தா என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்.

நான் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே ஒருவர் இருந்தார். நல்ல வெற்றிலைப் பிரியர். வாயைத் திறந்து பேசுவதே அபூர்வம். பதவியில் இருந்து இறங்கிய ஆள் மேல் வழக்கு என்று கட்டு வந்தால், பிரித்துப் படிப்பதற்கு முன்பே பென்சிலை எடுத்து அட்டையின் மூலையில் இரண்டு தேதிகளை எழுதுவார். ஒன்று, தப்பு நடந்தது ஊருக்குத் தெரிந்த நாள். இன்னொன்று, புகார் கொடுத்த நாள்.

"ரெண்டுக்கும் நடுவுல எம்புட்டு தூரமோ அம்புட்டு பெரிய குழி, தம்பி. எதிர்த்தரப்பு வக்கீல் நம்மள அதுலதேன் தள்ளுவாரு."

நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். சட்டக் கல்லூரியில் இருந்து நேராக வந்தவன் அல்லவா, குற்றம் உண்மையா இல்லையா என்பதுதானே கேள்வி என்று நினைத்தேன். அடுத்த வருடமே அந்தக் குழியில் விழுந்தேன்.

ஒரு ஊராட்சியின் பழைய தலைவர், சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் கொண்டுபோய்விட்டார் என்று புதிய தலைவர் கொடுத்த வழக்கு அது. மரம் வெட்டியது நிஜம். அடிமரங்கள் இன்னும் ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தன. புதிய தலைவர் கூண்டில் ஏறி, மழை பெய்த மாதிரி சாட்சி சொன்னார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"மரம் வெட்டுறப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"ஊர்லதேன் இருந்தேன்."

"பாத்தீங்களா?"

"என் கண்ணால பாத்தேங்க."

"அப்பவே ஏன் புகார் குடுக்கல?"

அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அப்ப நான் அவரு கட்சியிலதானங்க இருந்தேன்."

நீதிபதியே சிரித்துவிட்டார். வழக்கு அன்றைக்கே செத்துவிட்டது. தீர்ப்பு வர ஆறு மாதம் ஆனது, அவ்வளவுதான். விடுதலையான பழைய தலைவர் வராந்தாவில் என் தோளைத் தட்டி, "மனசுல வச்சுக்காதீங்க வக்கீல் தம்பி. அடுத்து நாங்க வருவோம். அவரு மேல நாங்க போடுற கேஸையும் நீங்கதேன் நடத்தணும்" என்றார். சொன்னபடி வந்தார்கள், சொன்னபடி போட்டார்கள், நான்தான் நடத்தினேன், அதுவும் தோற்றது. வெட்டப்பட்ட மரங்களைப் பற்றி இரண்டு வழக்கிலும் யாருக்கும் கவலை இருந்ததாக நினைவில்லை.

அப்படியானால் விட்டுவிடலாமா என்று கேட்பீர்கள். அதையும் நான் நினைத்துப் பார்த்திருக்கிறேன். வந்தவர் போனவரை விட்டுவிட்டால், அடுத்து வருகிறவர் இவரை விட்டுவிடுவார் என்ற நம்பிக்கையில் எல்லாரும் கூச்சமில்லாமல் தப்பு செய்வார்கள். பதவியில் இருக்கும்போது ஒருவர் மேல் கை வைக்க எந்தப் போலீஸுக்கும் முதுகெலும்பு கிடையாது. அவர் இறங்கிய பிறகுதான் வைக்க முடியும். வைக்கிற கை அடுத்து வந்தவருடைய கைதான். வேறு கை நமக்கு வாய்க்கவில்லை.

இனி ஒரு தண்ணீர்த் தொட்டி விஷயத்துக்கு வருகிறேன்.

மதுரைக்கு வெளியே ஒரு பேரூராட்சி. பெயரும் திசையும் வேண்டாம். அங்கே பழைய மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அதைப் பார்வையிட்ட பொறியாளர், தூண்கள் விரிசல் விட்டுவிட்டன, இனிமேல் தண்ணீர் ஏற்றக் கூடாது என்று பேரூராட்சிக்குக் கடிதம் எழுதினார். அப்போது திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. திருவிழாவில் தண்ணீர் இல்லை என்றால் ஜனம் காறித் துப்பும். தலைவர் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வழக்கம்போல ஏற்றச் சொன்னார். கொடி ஏறிய மூன்றாம் நாள் காலையில் தொட்டி விழுந்தது. கீழே குழாயில் குடம் வைத்துக்கொண்டு நின்ற ஒரு தாயும் மகளும் இறந்துபோனார்கள். அந்தத் தாய் சோழவந்தான் பக்கம் கொடிக்காலுக்கு வெற்றிலை கிள்ளப் போகிறவர். அன்றைக்குத் திருவிழா என்று வேலைக்குப் போகவில்லை.

அந்தப் பேரூராட்சி அலுவலகத்தில், வருகிற கடிதங்களைப் பதிவேட்டில் ஏற்றுகிற வேலையில் ஒரு பெண் இருந்தார். எஸ்தர் என்று வைத்துக்கொள்வோம். மிஷன் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகள், முத்துமுத்தான கையெழுத்து. தொட்டி விழுந்த மறுநாள் தலைவர் அவரைக் கூப்பிட்டு, புது நோட்டு ஒன்றைக் கொடுத்து, அந்த வருடப் பதிவேட்டை முதலில் இருந்து எழுதச் சொன்னார். ஒரே ஒரு வரி மட்டும் இருக்கக் கூடாது. எஸ்தர் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார். பழைய பதிவேடு தலைவரின் காரில் ஏறிப் போனது. கடிதமே வரவில்லை என்று ஆகிவிட்டது. கடிதம் எழுதிய பொறியாளரும் கொஞ்ச நாளில் நெஞ்சுவலியில் போய்விட்டார். அவர் வைத்திருந்த நகலும் கிடைக்கவில்லை. விபத்து என்று எழுதிப் போலீஸ் கட்டை மூடியது.

அடக்கத்தின்போது, எதிர்க்கட்சிக் கவுன்சிலர் ஒருவர் இரண்டு உடல்களுக்கும் நடுவில் நின்று, நான் தலைவரானால் இதைச் செய்தவனை உள்ளே தள்ளுவேன் என்று சத்தியம் செய்தாராம். அந்தச் சத்தியத்தைச் சொல்லியே ஓட்டுக் கேட்டார், தலைவரும் ஆனார். பதவியேற்ற அதே வாரம் புகார் வந்தது, வழக்கு திரும்பத் திறந்தது, கட்டு என் மேஜைக்கு வந்தது. நான் பென்சிலை எடுத்து இரண்டு தேதிகளை எழுதினேன். நடுவில் மூன்று வருடம். ஆனாலும் இது புளியமரம் இல்லை என்று எனக்குப் பட்டது. சொல்லப்போனால், என் பணிக்காலத்தில் முதல் தடவையாக ஒரு கட்டைப் படித்துவிட்டு எனக்குக் கோபம் வந்தது.

போலீஸ் எஸ்தரை இரண்டாவது குற்றவாளியாகச் சேர்த்திருந்தது. அவரை விட்டால் கடிதம் வந்ததைச் சொல்ல ஆளே கிடையாது, அவரைக் குற்றவாளி ஆக்கினால் அவர் வாயைத் திறக்கவும் முடியாது என்று நான்தான் எடுத்துச் சொல்லி, அவரைச் சாட்சியாக மாற்ற வைத்தேன். என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கூண்டுல ஏறிச் சொன்னா, பதிவேட்டத் திருத்தினது நீங்கதான்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும். வேலைக்கு ஆபத்து வரலாம்மா. யோசிச்சுக்கங்க" என்றேன்.

"யோசிச்சுட்டேன் சார். பொய் எழுதுனது இந்தக் கைதேன். அந்தப் பிள்ளைக்கி எம் மக வயசு. தெனமும் அந்தக் கொழாயத் தாண்டித்தான் ஆபீஸ் போறேன். ஜட்ஜு முன்னாடி ஒரு தடவ சொல்லிட்டேன்னா போதும். அப்புறம் அவங்க என்ன செஞ்சாலும் சரி."

"ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்" என்றேன்.

தம்பிகளே, தங்கைகளே, சாட்சியிடம் அந்த வார்த்தையை மட்டும் சொல்லிவிடாதீர்கள். நாம் இருக்க மாட்டோம்.

வழக்கு நம் ஊர் வழக்குகள் நடக்கிற வேகத்தில் நடந்தது. வாய்தா மேல் வாய்தா. எஸ்தர் ஒவ்வொரு முறையும் அலுவலகத்தில் இருந்து எனக்குப் போன் செய்து, "நான் வரணுமா சார்?" என்று மட்டும் கேட்பார். இன்னும் இல்லை என்பேன். கடைசியில் சாட்சி விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அவருக்குச் சம்மன் அனுப்பினேன்.

சம்மன் போன பத்தாவது நாள், பழைய தலைவர் தன் ஆட்களோடு புதிய தலைவரின் கட்சியில் சேர்ந்தார். ஒரு கல்யாண மண்டபத்தில் ஒருவருக்கொருவர் சால்வை போட்டுக்கொண்ட படத்தைப் பேப்பரில் பார்த்தேன். என்ன வரப்போகிறது என்று அப்போதே எனக்குத் தெரியும். வழக்கை வாபஸ் வாங்கும் மனு தட்டச்சாகியே வந்தது, என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு.

ஒன்றை மறக்காதீர்கள். மேலே இருப்பவர்கள் வாபஸ் வாங்கச் சொல்லலாம். ஆனால் சட்டப்படி அது நம்முடைய முடிவு. யோசித்து, சரி என்று பட்டால் மட்டும் நாம் போட வேண்டிய மனு அது. சரி என்று படவில்லை என்றால் மாட்டேன் என்று எழுதலாம். என் முப்பது வருடத்தில் அப்படி எழுதிய ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

மனுவின் நாலாவது பத்தியில், சாட்சிகள் யாரும் அரசுத் தரப்பை ஆதரித்துச் சாட்சி சொல்ல முன்வரவில்லை என்று இருந்தது. அந்த வரி என்னை உறுத்தியது. மூன்று நாள் மேஜையிலேயே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் புதிய தலைவர் என்னைப் பார்க்க வந்தார். கையில் பழப்பை, முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"சார், எல்லாம் ஊர் நல்லதுக்குத்தேன். அவரும் இப்ப நம்மாளு ஆயிட்டாரு. சண்ட போட்டா ஊருக்கு ஒரு திட்டமும் வர மாட்டேங்குது."

"அடக்கத்துல அத்தன பேர் முன்னாடி சத்தியம் பண்ணுனது நீங்கதான?"

அவருக்குக் கோபமே வரவில்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. "ஆமா சார். அன்னைக்கு அது தேவைப்பட்டுச்சு. இன்னைக்கு இது தேவைப்படுது. செத்தவங்க திரும்பியா வரப் போறாங்க? அப்ப நான் வாரேன் சார்" என்று பழப்பையை வைத்துவிட்டுப் போனார்.

என்னை யாரும் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. திருநகரில் வீடு பாதி எழும்பியிருந்தது. தூரத்து ஊர் எதற்கும் தூக்கி அடிக்காமல் இருந்தால் போதும் என்று இருந்தேன். கையெழுத்துப் போட்டேன். எஸ்தர் வர மாட்டார், இரண்டு தலைவர்களும் ஒன்றாகிவிட்ட பிறகு யார்தான் வருவார்கள், அதனால் நாலாவது பத்தி எப்படியும் நிஜமாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமாதானத்தில் ஒன்றைக் கோட்டைவிட்டேன். நான் அனுப்பிய சம்மன் அப்படியே உயிரோடு இருந்தது. வேண்டாம் என்று அவருக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்ப மறந்துவிட்டேன். மறந்தேனா, போன் செய்யக் கூச்சப்பட்டு மறந்த மாதிரி இருந்தேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

வாய்தா அன்று காலை நீதிமன்றப் படியேறும்போது வராந்தா பெஞ்சில் அவரைப் பார்த்தேன். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, மடியில் டிபன் பை, கையில் சம்மன். ஒவ்வொரு வருடமும் ஈஸ்டருக்குக் கட்டுகிற புடவையாக இருக்க வேண்டும். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வந்துட்டேன் சார்" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனேன்.

நீதிபதி சின்ன வயதுப் பெண், உங்கள் வயதுதான் இருக்கும். மனுவைப் படித்தார். நாலாவது பத்தியில் விரலை வைத்து நிறுத்தினார்.

"இன்னைக்கு சாட்சி விசாரணைக்குத்தானே போட்டிருந்தோம்? யாராவது வந்திருக்காங்களா?"

எனக்கும் அந்தப் பெஞ்சுக்கும் நடுவில் ஒரு கதவு. கதவும் திறந்துதான் இருந்தது. வந்திருக்கிறார் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் டவாலி அவர் பெயரைக் கூப்பிட்டிருப்பார். மனு அப்படியே நின்றிருக்கும். அந்த நீதிபதி விட்டிருக்க மாட்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

"இல்லீங்கம்மா. யாரும் வரல" என்றேன்.

ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. பழைய தலைவர் கூண்டுக்குள் நின்று நாலு பக்கமும் கும்பிட்டார். என் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு கூடுதலாகப் போட்டார்.

நான் வெளியே வந்தபோதும் எஸ்தர் பெஞ்சிலேயே இருந்தார். பெயரைக் கூப்பிடுவார்கள் என்று காது கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். வழக்கு முடிந்துவிட்டதம்மா, நீங்கள் போகலாம் என்றேன். அவர் எழுந்து நின்றார்.

"நான் சொல்லவே இல்லையே சார்."

"தேவைப்படல."

பிறகு சம்மனை நீட்டினார். "சரிங்க சார். இதுல வந்தேன்னு எழுதி ஒரு சான்று வாங்கிக் குடுத்துருங்க. ஆபீஸ்ல கேப்பாங்க."

சாட்சி சொல்ல வருகிற அரசு ஊழியருக்கு நீதிமன்றத்தில் வருகைச் சான்று தருவார்கள். அது இருந்தால்தான் அன்றைய நாள் வேலை நாளாகக் கணக்காகும். நாம் ஒரு வார்த்தை சொன்னால் எழுத்தர் எழுதிக் கொடுத்துவிடுவார். நான் எப்படிச் சொல்வது? சாட்சி வரவில்லை என்று பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் நீதிமன்றப் பதிவில் ஏறியிருக்கிறது.

"இன்னைக்கு ஒரு நாள் லீவு போட்டுக்கங்கம்மா" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். பத்து வருடம் பதிவேடு எழுதியவருக்கு, எது எங்கே விடுபட்டது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. "அப்ப நான் இன்னைக்கு வரலையா சார்?" என்று கேட்டார். சம்மனை மடித்து டிபன் பைக்குள் வைத்துக்கொண்டு ஆரப்பாளையம் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

லீவு போடவில்லை. போட மாட்டேன் என்றிருக்கிறார். முன் அனுமதி இல்லாமல் பணிக்கு வராததற்கு விளக்கம் கேட்டு அவருக்கு ஓலை போனது. அன்று நான் நீதிமன்றத்தில் இருந்தேன் என்று ஒரே வரியில் பதில் எழுதினார். அது உண்மைதானா என்று உறுதிப்படுத்தச் சொல்லி, அவருடைய அலுவலகத்தில் இருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஆமாம் என்று எழுதினால் நீதிபதியிடம் நான் சொன்னது பொய்யாகிவிடும். இல்லை என்று எழுதவும் கை வரவில்லை. கடிதத்தை மடித்து வைத்தேன். தொட்டியைப் பற்றி வந்த கடிதத்தை அந்தத் தலைவர் என்ன செய்தாரோ, அதையேதான் நானும் செய்தேன். இரண்டு வருடம் கழித்து மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றேன்.

பதில் வராததால் அந்த ஒரு நாளைப் பணி முறிவு என்று எழுதி, சம்பள உயர்வையும் நிறுத்தினார்கள். இரண்டு பேர் செத்துப்போன அந்த விவகாரத்தில் எழுத்துப்பூர்வமாகத் தண்டனை வாங்கியவர் எஸ்தர் ஒருவர்தான். அவருக்கு இந்த வருடம் ஓய்வு என்று கேள்விப்பட்டேன். அந்தப் பணி முறிவு இன்னும் அப்படியே இருக்கிறதாம், பென்ஷன் கணக்கிலும் அது இடிக்குமாம்.

வந்தவர்கள் போனவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கலாமா என்று கேட்டீர்கள். எனக்குப் பின்னால் வந்தவர்கள் நீங்கள். நான் உட்கார்ந்த மேஜையில்தான் உங்களில் ஒருவர் இப்போது உட்கார்ந்திருக்கிறார். இடது பக்கம் கீழ் இழுப்பறை கொஞ்சம் இறுகும், தூக்கி இழுக்க வேண்டும். அடியில் பழுப்பு உறையில், எஸ்தரின் அலுவலகத்தில் இருந்து எனக்கு வந்த அந்தக் கடிதம் இருக்கிறது. எஸ்தரின் நிஜப் பெயரும் அதில் இருக்கிறது. சாட்சி அன்று வந்திருந்தார், அரசு வழக்கறிஞர் பொய் சொன்னார் என்று பதில் எழுதுங்கள். ஆதாரம் கேட்டால் இந்தப் பக்கங்களைக் காட்டுங்கள். என் பென்ஷனில் கை வைத்தால் வைக்கட்டும்.

நீங்கள் எழுத மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். பெரியவர் பாவம், வயதான காலத்தில் எதற்கு என்று இழுப்பறையைத் திரும்ப மூடிவிடுவீர்கள். அன்றைக்கு என் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி என் வாசலில் அத்தனை மரியாதையாகச் செருப்பைக் கழற்றினீர்கள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.